பாட்டா பெட்டிய தொறந்தாச்சு, இனி என்ன? – வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

போன இதழ்ல "தாத்தா பாட்டி பத்தி என்ன கேக்கணும்னாலும் கேளுங்க"ன்னு சின்னதா ஒரு கட்டம் கட்டிப் போட்டோம், லெட்டரும் வாட்ஸ்அப்புமா வந்து குவிஞ்சிட்டு. பாதிக்கு மேல "எங்க குடும்பப் பெருமை" டைப்பு. அதையெல்லாம் ஓரமா வச்சிட்டு, பெருமைய விட்டு ஆளத் தேடுறவங்க கேள்வியா பாத்துப் பொறுக்கியிருக்கேன்.

அண்ணாச்சி, பாட்டாவோட (தாத்தாவோட) டிரங்குப் பெட்டியில ஒரு பழைய ஆதாரம் (சொத்துப் பத்திரம்) கெடச்சுது. முழுக்க மலையாளம். மேல 1104 மகரம்னு இருக்காம். அப்போ நாங்க சோழர் காலத்துல இருந்தே இங்க இருக்கோமா? மாமா ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிட்டுத் திரியுதாரு. – திருவட்டாறு வாசகர்

மொதல்ல மாமாகிட்ட இருந்து மைக்க வாங்கி வைங்க. அது கொல்லம் ஆண்டு தம்பி, திருவிதாங்கூர் சர்க்கார் காகிதம் எல்லாத்துலயும் அதான் இருக்கும். ஆவணியில வருசம் பொறக்கும், அதனால டிசம்பருக்குள்ள உள்ள தேதின்னா 824 கூட்டணும், ஜனவரி பொறந்துட்டுன்னா 825. மகரம்னா நம்ம தை. ஆக 1104 மகரம்ங்கிறது 1929 ஆரம்பம். சோழரும் இல்ல பாண்டியரும் இல்ல, உங்க பாட்டாவோட அப்பா காலம், அவ்வளவுதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1ல தானே தமிழ்நாட்டுப் பக்கம் சேந்துது, அதுக்கு முந்தின ஆதாரம் மலையாளத்துல இருக்கதுல அதிசயம் ஒண்ணும் கெடையாது.

களியக்காவிளை பக்கம் பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிஞ்ச ரிட்டயர்டு வாத்தியாரோ, ஆதாரம் எழுதுறவரோ யாராச்சும் இருப்பாவ, ஒரு சாயா வாங்கிக் குடுத்து முழுசா வாசிக்கச் சொல்லுங்க. எல்லாரும் எத்தனை சென்ட்டுன்னு மட்டும் கேட்டுட்டு வந்துடுவாங்க, நீங்க அதுல நிக்காதீங்க, நாலு எல்லையும் கேளுங்க. கிழக்க யாரு விளை (தோட்டம்), தெக்க தோடா (ஓடையா) ஊடுவழியா, மேக்க யாரு குடியிருப்புன்னு அதுல எழுதியிருக்கும், 1929ல உங்க பாட்டாவுக்கு அப்பா காலையில எந்திரிச்சி யாரு மூஞ்சில முழிச்சாருன்னு தெரிஞ்சுபோவும். சாட்சி யாரு, கைநாட்டா கையெழுத்தான்னும் பாருங்க. துகை சக்கரம்ங்கிற பழைய காசுல போட்டிருந்தா 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூவா, பிரிட்டிஷ் ரூவாய்க்கு இருபத்தெட்டரை. அப்புறம் அது விலை ஆதாரமா ஒற்றி ஆதாரமான்னு கட்டாயம் கேக்கணும். ஒற்றின்னா கடன். பெட்டிக்குள்ள பூட்டி வச்ச காகிதம் எல்லாம் சொத்துன்னு நெனைக்கோம், பல வீட்டுல பாதி கடன் பத்திரம்தான், ஆனா அந்த மனுசன் எதுக்குக் கடன் வாங்குனாருன்னு தோண்டுனா ஒரு கல்யாணமோ ஒரு தீராத சீக்கோ வெளிய வரும், மாமா சொல்லுற சோழர் கதைய விட அது எனக்குப் பெருசு.

ஒண்ணு மட்டும், லேமினேஷன் பண்ணிடாதீங்க. அந்தச் சூட்டுல பழைய காகிதம் கெட்டுப்போவும், பெறவு பிரிச்சு எடுக்கவும் முடியாது. வெளிச்சத்துல வச்சு போன்ல நல்லா போட்டோ எடுத்துட்டு, மடிப்பப் பிரிச்சு அப்படியே வைங்க.

என் மவளுக்கு ஸ்கூல்ல குடும்பப் பாரம்பரியம்னு ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க. எங்க பாட்டா பனையேறி. வீட்டுக்காரரு "விவசாயின்னு போடு, எதுக்கு வம்பு"ங்கிறாரு. – கருங்கல் சொந்த ஊர், இப்போ பெங்களூரு

பனையேறின்னே போடச் சொல்லு தங்கச்சி. விவசாயின்னு போட்டா டீச்சர் டிராக்டர் படம் ஒட்டச் சொல்லுவாங்க, உங்க பாட்டா ஜென்மத்துல டிராக்டர்ல ஏறியிருக்க மாட்டாரு.

பிள்ளைக்கிட்ட வேலைய வெவரமா சொல்லிக் குடு. விடியுமுன்ன முருக்குத்தடிய மரத்துல சாத்தி, கால்ல தளை போட்டு, இடுப்புல அருவாப்பெட்டியோட ஏறணும், ஒத்த மரம் இல்ல, முப்பது நாப்பது மரம், சாயங்காலம் மறுபடியும் அதே மரத்துல. மேல போயி பாளைய சீவணும் பாரு, அங்கதான் கைப்பக்குவம், ஆழமா சீவிட்டா பாளை வீணாப் போவும், சீவாம விட்டா ஊறல் நின்னுபோவும். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவலைன்னா அக்கானி, அதான் பதநீர், புளிச்சு கள்ளாயிடும், சுண்ணாம்பு கூடிட்டுன்னா வாயில வைக்க வெளங்காது. மரத்தக் கட்டிப்பிடிச்சு ஏறி ஏறி நெஞ்சுல காய்ச்சுப் போயிருக்கும், உங்க பாட்டா சட்டை போடாம உக்காந்த போட்டோ இருந்தா கிட்டத்துல பாருங்க. பல எடத்துல ஒருநாள் அக்கானி ஏறுறவனுக்கு, மறுநாள் அக்கானி மரத்துக்காரனுக்கு. அதையும் எழுதச் சொல்லு, டீச்சர் படிச்சுப் பாக்கட்டும்.

ஆனா நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கேன், அந்த ப்ராஜெக்ட்ல உன் பாட்டி எங்க? பாட்டா எறக்குன அக்கானிய வடிகட்டி, ஓலையும் சருகும் பொறக்கிட்டு வந்து அடுப்பு எரிச்சு, புகையில கண்ணு கலங்க மணிக்கணக்கா காய்ச்சி, பதம் பாத்து எறக்கி, செரட்டையில ஊத்தி கருப்பட்டி ஆக்குனது யாரு? ரெண்டு நிமிசம் பதம் தப்புனா காலையில இருந்து பட்ட பாடு பூரா போச்சு. பனையேறி குடும்பம்னா ரெண்டு தொழிலாளிங்கன்னு எழுதணும், எல்லாரும் ஒண்ணைத்தான் எழுதுறாங்க.

வீட்டுக்காரரோட வெக்கம் எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். 1859 ஜூலை 26ல திருவிதாங்கூர் ராஜா அறிவிப்பு போட்ட பெறவுதான் நாடார் பொம்பளைங்க எல்லாரும் மேல துணி போட்டுக்கலாம்னு ஆச்சு, அதுலயும் ஒசந்த சாதி பொம்பளைங்க போடுற மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு கொக்கி. அதுக்கு முன்னாலயே அய்யாவழிய தொடங்குன வைகுண்டர் சாமித்தோப்புல ஆம்பளைங்கள தலைப்பா கட்டிட்டு சாமி கும்பிடச் சொல்லிட்டாரு, இன்னைக்கும் பதிக்குள்ள அப்படித்தான் போறாங்க. இவ்வளவு தாண்டி வந்த சனத்தோட பேரன், பெங்களூருல அப்பார்ட்மெண்ட்ல உக்காந்துட்டு பாட்டாவ வேற தொழிலுக்கு மாத்துறாரு. பனை தமிழ்நாட்டோட மாநில மரம்னு சொல்லுங்க அவருகிட்ட, கவர்மெண்டுக்கே கூச்சம் இல்ல.

எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு நெறைய வயல் இருந்துதாம், எல்லாத்தையும் பெத்த பிள்ளைகளுக்குக் குடுக்காம தங்கச்சி மவனுக்கு விட்டுட்டுப் போயிட்டாராம். அப்படி என்ன கல்நெஞ்சு? – பேர் வேண்டாம், பூதப்பாண்டி

கல்நெஞ்சு இல்ல மக்கா, சட்டம். நாஞ்சில்நாட்டு வெள்ளாளர்ல அப்போ மருமக்கள்வழி, சொத்து தறவாட்டுக்குத்தான் (அம்மா வழிக் கூட்டுக் குடும்பம்), காரணவருக்கு, அதான் குடும்பத் தலைவருக்கு, பெறவு தங்கச்சி மக்களுக்குப் போவும், பெஞ்சாதி பிள்ளைங்க வேற தறவாட்டு ஆளுங்க கணக்கு. பிள்ளைகளுக்குன்னு உகந்துடைமைன்னு கொஞ்சம் உண்டு, அதுக்கே கோர்ட்டு கேசுன்னு அலைஞ்ச குடும்பம் ஏராளம். 1926ல நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்துதான் மக்கள்வழிக்கு மாறுச்சு. பெஞ்சாதியும் பிள்ளையும் பட்ட பாட்டை தேரூர்க்காரரு கவிமணி மருமக்கள்வழி மான்மியம்னு கிண்டலாவே பாடி வச்சிருக்காரு, லைப்ரரில கெடைக்கும், சிரிச்சுட்டே படிச்சு நடுவுல வயித்தெரிச்சலாயிடும். உங்க கொள்ளுத்தாத்தாவ திட்டுறதுக்கு முன்னால அவரு எந்த வருசம் செத்தாருன்னு பாருங்க. சட்டம் வந்த பெறவும் தங்கச்சி மவனுக்கே குடுத்திருந்தாருன்னா, அப்போ திட்டுங்க, நானும் கூட நிக்கேன்.

டி.என்.ஏ டெஸ்ட் எடுத்தா நம்ம பூர்வீகம் தெரிஞ்சிடுமா? ஆன்லைன்ல ஆஃபர் போட்டிருக்கான். – நாகர்கோவில் வாசகர்

எச்சில் துப்பி அனுப்புனா ஒரு பர்சன்டேஜ் கணக்கு வரும், அது அந்தக் கம்பெனிகிட்ட ஏற்கெனவே உள்ள சாம்பிளோட ஒப்பிட்ட கணக்கு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாலு தாத்தா பாட்டிகிட்ட இருந்தும் சராசரியா கால்வாசி கால்வாசி வருது, பத்து தலைமுறை பின்னால போனா 1024 இடம், அதுல எந்த ஒருத்தரப் புடிச்சு "இதான் என் வம்சம்"ங்கிறது? மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ மட்டும் அம்மா, அம்மாவுக்கு அம்மான்னு பொம்பள வழியா வரும், பூதப்பாண்டிக்காரருக்கு இது பிடிக்காது. ஆஃபர் காசுக்கு ஊருக்கு பஸ் ஏறி பெரியம்மாவப் பாத்துட்டு வாங்க.

எங்க ஆச்சி மரச்சீனிக் கிழங்க (மரவள்ளி) மட்டும் தொடவே மாட்டா. இப்போ நாங்க ஹோட்டல்ல காசு குடுத்து மரச்சீனியும் மீன்கறியும் பாரம்பரிய உணவுன்னு தின்னுட்டு வாறோம், பாத்துட்டு மொறைக்கா. – குலசேகரம் வாசகி

ஆச்சிக்கு எத்தன வயசு? தொண்ணூறு பக்கத்துலன்னா கணக்கு சரியா வரும். 1942ல ஜப்பான்காரன் பர்மாவப் பிடிச்சதும் அரிசி வரத்து நின்னுபோச்சு, திருவிதாங்கூர் வெளியரிசிய நம்பிக் கெடந்த நாடு, அப்புறம் காலையிலயும் கெழங்கு ராத்திரியும் கெழங்கு, தொட்டுக்க மீனு கெடச்சா பண்டிகை. சின்னப் பிள்ளையில அதத் தின்னு வளந்த நாக்கு அது. மறுக்கதும் ஒரு ஞாபகம்தான். கட்டாயப்படுத்தாதீங்க, ஆனா பக்கத்துல உக்காந்து "அப்போ வீட்டுல எத்தன பேரு, யாருக்கு மொதல்ல வெளம்புவாவ"ன்னு கேளுங்க. யாரு கடைசியா சாப்பிட்டான்னு கேட்டா இன்னும் நல்லது.

சுனாமில எங்க வீடு போச்சு, தாத்தாவோட ஒரு போட்டோ கூட இல்ல. அவரு மொகமே மறந்துடுமோன்னு பயமா இருக்கு. – குளச்சல் பக்கம்

2004 டிசம்பர் 26க்கு அப்புறம் இதே கேள்வி உள்ள வீடு நம்ம கரை நெடுக உண்டும்மா. போட்டோவுக்கு மொதல்ல, உங்க வீட்டு ஆல்பம் போயிட்டு, ஆனா கல்யாணத்துக்குக் கூப்பிட்டவங்க ஆல்பம் எல்லாம் போயிருக்காது. 2004க்கு முன்னால கடலுக்குத் தூரமா உள்ள ஊர்ல கட்டிக் குடுத்த சொந்தக்காரங்க, வேற ஊருக்குப் போன பங்காளிங்க, இவங்க வீட்டுக் கல்யாண போட்டோவுல பந்தியிலயோ பின்வரிசையிலயோ தாத்தா நிப்பாரு. மாப்ள பொண்ண விட்டுட்டு பின்னால நிக்கிற தலைகளப் பாருங்க. வெளிநாட்டுல இருக்க சொந்தக்காரங்ககிட்ட பழைய கேசட்டுல குரல் அனுப்புனது கெடக்கான்னும் கேளுங்க, கல்ஃபுக்குப் போனவங்களுக்கு அப்போ அப்படித்தான் பேசி அனுப்புவாவ.

காகிதம்னா பங்குக் கோயில்ல ஞானஸ்நானப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும் உண்டு, அப்பா அம்மா பேரோட ஞானத்தாய் ஞானத்தகப்பன் பேரும் எழுதியிருக்கும். அந்த ஞானப் பெத்தவங்க யாருன்னு பாத்தா தாத்தா குடும்பம் யாரோட அன்யோன்யமா இருந்துச்சுன்னு தெரியும். கோட்டாறு மறைமாவட்டம் தனியா வந்ததே 1930ல தான், அதுக்கு முன்ன கொல்லத்தோட சேந்து கெடந்துது, ரொம்பப் பழசத் தேடுறதா இருந்தா அதையும் மனசுல வச்சு ஃபாதர்கிட்ட கேளுங்க.

இன்னொண்ணு, தாத்தாவோட ஒண்ணா கட்டுமரத்துல போன ஆளு யாராச்சும் உயிரோட இருக்காவளா? இருந்தா இந்த வாரமே போங்க. கரையில ஒரு கோயில் கோபுரத்தையும் அதுக்குப் பின்னால ஒரு மலையையும் நேர வச்சு, கடலுக்கடியில பாரு (பாறைத் திட்டு) எங்க கெடக்குன்னு சொல்லுற கணக்கு அவங்க தலையிலதான் இருக்கு. உங்க தாத்தா எந்தப் பாருக்குப் போவாரு, எத வச்சு அடையாளம் பிடிப்பாரு, மீன் இல்லாம வந்த நாளு என்ன கெட்டவார்த்தை சொல்லுவாருன்னு கேட்டு போன்ல பதிவு பண்ணுங்க. கெட்டவார்த்தைய வெட்டிடாதீங்க.

தாத்தா கட்டுன ஓட்டு வீட்ட இடிச்சிட்டு கான்கிரீட் போடப்போறோம். எத எடுத்து வைக்கணும்? மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. – தக்கலை வாசகர்

ஒழுகுற வீட்டுல பாரம்பரியத்தோட படுத்துக் கெடக்க வேண்டிய அவசியம் இல்ல, நல்லா இடிங்க. ஆனா ஆள் வரதுக்கு முன்னால டேப்ப எடுத்து ஒவ்வொரு அறையும் அளந்து ஒரு பேப்பர்ல வரைஞ்சு, எந்த அறையில யாரு பொறந்தா, யாரு எங்க படுப்பா, நெல்லு எங்க கெடந்துதுன்னு பெரியவங்கள வச்சு அதுமேலயே எழுதுங்க. போட்டோ எடுக்கும்போது அடுக்களைய விட்டுடாதீங்க, கரி புடிச்ச சுவரோட எடுங்க. நெலையும் கதவும் தேக்கோ அயனியோ பிலாவோன்னு ஆசாரிய வச்சுப் பாத்துட்டு புது வீட்டுக்கே போடலாம், பழைய மரம் வாங்குற ஏவாரி மொதல்ல சொல்லுற வெலைக்கு மட்டும் தலையாட்டிடாதீங்க. அம்மியும் ஆட்டுரலும் எல்லாரும் வேணும்பாங்க, தூக்குற அன்னைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. மூணாவது மாடி ஃபிளாட்டுல இருக்க தங்கச்சிதான் ஆட்டுரல் வேணும்னு ஒத்தக்கால்ல நிப்பா, லிஃப்ட் இருக்கான்னு மொதல்லயே கேட்டு வைங்க.