மூத்தவளுக்கு எட்டு, இளையவனுக்கு இரண்டு: விடுமுறைக் கேள்விகளும் ஒரு டீச்சரின் பதில்களும்

பாலர் வகுப்பில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் மகள்கள் இருவருக்கும் இடையே ஆறு வயது வித்தியாசம். இப்போது பேத்திக்கும் பேரனுக்கும் இடையிலும் அதே ஆறு வயது வித்தியாசம். அதனால் ஏப்ரல் பிறந்தாலே தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். இந்த ஆண்டு வந்தவற்றில் சில இங்கே.

டீச்சர், மகள் எட்டு வயது, மகன் இரண்டு வயது. அவள் எதைக் கட்டி வைத்தாலும் இவன் வந்து தட்டிவிடுகிறான். நாள் முழுக்க அழுகையும் சண்டையும்தான். இருவரும் சேர்ந்து விளையாட ஏதாவது சொல்லுங்கள். (மதுரை)

சேர்ந்து விளையாட வைக்க வேண்டும் என்ற ஆசையை முதலில் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை கெடுக்க வேண்டும் என்று தட்டுவதில்லை. அடுக்கியது சரிவதுதான் அவனுக்கு விளையாட்டு. அவளுக்கோ அடுக்கியது நிற்பதுதான் விளையாட்டு. இரண்டும் ஒரே பாயில் நடக்காது.

எங்கள் வீட்டில் நான் செய்தது இதுதான். சின்னவளை அடைக்காமல் பெரியவளை அடைத்தேன்! கம்பிக் கதவுக்கு உள்ளே அவளும் அவள் வண்ணங்களும், வெளியே தங்கை. இரண்டே நாளில் அந்த அறை அவளுக்கு அரண்மனை ஆகிவிட்டது.

அடுத்தது பகல் தூக்கம். ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பகலில் தூங்குவதும் இந்தக் கணக்கில் சேரும். அவன் கண் மூடியதும் நீங்கள் பாத்திரம் துலக்க ஓடுவீர்கள். ஓடாதீர்கள். முதல் இருபது நிமிடம் அவளுக்கு. பாத்திரம் எங்கும் போய்விடாது.

பாட்டி வீட்டுப் பல்லாங்குழியை எடுத்து வந்திருக்கிறேன். மகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை. ஆனால் சின்னவன் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடுகிறான்.

பலகையோடு குன்றிமணி வந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், ஆனால் உள்ளே கொடிய விஷம். கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

புளியங்கொட்டையோ சோழியோ போதும். அவையும் சின்னவனுக்குத் தொண்டையில் சிக்கக்கூடியவையே. அதனால் பல்லாங்குழி என்பது அவன் தூங்கும்போது மட்டும். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து, ஆக எழுபது. ஆட்டம் தொடங்கும்போது எழுபது எண்ணி எடுக்க வேண்டும், முடிந்ததும் எழுபது எண்ணி டப்பாவில் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவன் எழுவதற்குள் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த எண்ணிக்கைப் பொறுப்பை மகளிடமே கொடுங்கள். என் பேத்தி கணக்குப்பிள்ளை மாதிரி நோட்டுப் போட்டு எழுதுகிறாள்.

முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை விஷயத்திலும் இதே எச்சரிக்கை தேவை. திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுங்கள்.

சாயங்காலம் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி இருவரையும் விடுகிறேன். நன்றாக ஆடுகிறார்கள். நான் அந்த நேரத்தில் துணி மடித்துவிடுவேன். சரிதானே? (சென்னை, தந்தை)

தண்ணீர் சரி. கூடவே புனல், வடிகட்டி, நான்கு டம்ளர் கொடுங்கள், பொம்மையே தேவைப்படாது. தரை சுடுகிறதா என்று வெறுங்காலை வைத்துப் பார்த்துவிட்டு இறக்கிவிடுங்கள். வெயிலில் காய்ந்த தளம் ஐந்து மணிக்கும் பாதத்தைப் பொசுக்கும்.

துணி மடிப்பது சரியில்லை. சின்னப் பிள்ளைக்குத் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. மூழ்குவதற்கு நான்கு விரல் ஆழத் தண்ணீரே போதும், சத்தமும் வராது. "அக்கா பார்த்துக்கொள்வாள்" என்று நினைக்காதீர்கள். எட்டு வயது காவலுக்கான வயது இல்லை. ஆட்டம் முடிந்ததும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். துணி காத்திருக்கட்டும்.

மகன் பத்து நாள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடப்போகிறான். பெரியவன் வந்ததும் செல்போனோடு மூலையில் உட்கார்ந்துவிடுவான். சின்னவளும் அதையே எட்டிப் பார்ப்பாள். என்னம்மா செய்யட்டும்? (கோவில்பட்டிப் பக்கம், ஒரு பாட்டி)

அக்கா, இரண்டு நாள் ஒன்றும் சொல்லாதீர்கள். மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு எழுப்பி, "வற்றல் பிழிய ஆள் இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள். விளையாடக் கூப்பிட்டால் வராத பிள்ளை வேலைக்குக் கூப்பிட்டால் வரும். ஆனால் நிஜ வேலையாக இருக்க வேண்டும். பாவனை என்றால் கண்டுபிடித்துவிடும்.

பெரியவன் கையில் அச்சுக்குழல். முதல் வரிசை கோணலாகத்தான் வரும், திருத்தாதீர்கள். சின்னவள் கையில் ஒரு குச்சி, காக்கை விரட்டும் உத்தியோகம்! அவளுக்கு இதைவிடப் பெரிய பதவி உலகத்தில் கிடையாது. கூழில் மிளகாய் சேர்க்கும் முன்பே அவளுக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள், எப்படியும் கேட்பாள். வெயில் ஏறும் முன் முடித்து உள்ளே வந்துவிட வேண்டும்.

பிறகு உங்கள் ஊர்ச் செல்வம், நுங்கு. தின்று முடித்த வெறுங்காய் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பு வைத்துத் தள்ளினால் வண்டி. அவன் அப்பா ஓட்டியதுதானே? அந்த அப்பாவையே செய்து காட்டச் சொல்லுங்கள். சின்னவளுக்கு நுங்கை முழுசாகக் கொடுக்காமல், தோலுரித்துக் கரண்டியால் மசித்துக் கொடுங்கள். முழுசாக இருந்தால் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குப் போய்விடும்.

செல்போனைப் பொறுத்தவரை, இரண்டு முதல் நான்கு வயதுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. உங்கள் மகனிடமும் சொல்லுங்கள். அவன் கையிலும் ஒன்று இருக்குமே.

மே மாதம் ஊட்டி போகிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போனால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்குமா?

பெரியவளுக்கு இருக்கும். இரண்டு வயதுக்காரனுக்கு முதல் ஒரு மணி நேரம் இருக்கும். 46 கிலோமீட்டர்தான், ஆனால் ஏறிப் போய்ச் சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மீதி நேரம் முழுக்க அவனை மடியில் இருத்தப் போராடுவது நீங்கள்தான். குன்னூர் வரை வேறு வண்டியில் போய், அங்கிருந்து உதகைக்கு ரயில் ஏறுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். சொந்த வாகனம் என்றால் 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் வேண்டும்.

ஊர் ரயிலுக்கு ஒரு குறிப்பு. ஐந்து வயதுக்குக் கீழ் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். எட்டு வயதுக்காரிக்குப் படுக்கையுடன் என்றால் முழுக் கட்டணம், இல்லாமல் என்றால் பாதி. முழுவதையே கொடுங்கள். அந்த மேல் படுக்கை அவளுடைய தனி வீடு.

என்னைக் கேட்டால் மே மாத ஊட்டி நெரிசலைவிட நூலகம் மேல். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப்பகுதி உண்டு. ஒருவர் பெரியவளோடு உள்ளே, ஒருவர் சின்னவனோடு வெளியே, பிறகு ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

பெரியவனைக் கோடைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?

ஒன்றே ஒன்று, அரை நாள். அவன் கேட்டால் மட்டும்.

வெயில், வேர்க்குரு, சோர்வு. எப்போது பயப்பட வேண்டும்?

வேர்க்குருவுக்கு இரண்டு வேளைக் குளியலும் மெல்லிய பருத்திச் சட்டையும் போதும். பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள், பிள்ளையின் மூச்சில் ஏறும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, வாய் வறண்டிருக்கிறது, கூப்பிட்டால் துவண்டு கிடக்கிறது என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

எல்லாரும் விடுமுறையை மகிழ்ச்சி என்கிறார்கள். எனக்கு எப்போது பள்ளி திறக்கும் என்றுதான் இருக்கிறது. பெரியவளை நாள் முழுக்கத் திட்டுகிறேன். இரவில் அவள் தூங்கும் முகத்தைப் பார்த்து அழுகிறேன்.

ஜூன் மாதத் தாளை மே மாதத்திலேயே புரட்டிப் பார்த்தவள்தான் நானும்.

என் மூத்தவளுக்கு ஒன்பது வயதான கோடையில், "நீ பெரியவள், விட்டுக்கொடு" என்பதை எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை. ஒரு மதியம் கதவு நிலையில் தன் உயரத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள். போன ஆண்டுக் கோட்டைவிட மூன்று விரல் கூடியிருந்தது. "அடேயப்பா" என்றேன். "இதற்கு மேல் வளர வேண்டாம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

அன்று மாலை சின்னவளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, கறிவேப்பிலை வாங்க அவளோடு தெருமுனைக்குப் போனேன். கால் மணி நேரம். மறுநாள் கொத்தமல்லி. அதற்கடுத்த நாள் வாங்க ஒன்றுமில்லை, வெறுமனே போய் வந்தோம். நிறையப் பேசவெல்லாம் இல்லை. அவள் திட்டு வாங்குவது பாதியாகக் குறைந்தது. குறைந்தது அவள் சேட்டையா என் எரிச்சலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

உங்களுக்கும் கால் மணி நேரம் தனியாக வேண்டும். வீட்டுக்காரரிடம் குறிப்பாகச் சொன்னால் புரியாது. மணி சொல்லிக் கேளுங்கள்.

சரி, இருவரும் சேர்ந்து விளையாட ஒன்றுகூடவா இல்லை?

இருக்கிறது, கிச்சுக் கிச்சுத் தாம்பாளம். தெருவில் யாராவது வீடு கட்ட மணல் கொட்டியிருந்தால் ஒரு வாளி கேட்டு வாங்குங்கள். நீளமாக மணல் கரை கட்டி, துரும்புக்குப் பதிலாக ஒரு மரக்கரண்டியை ஒளிக்கச் சொல்லுங்கள். பெரியவள்தான் எப்போதும் ஒளிப்பவள், சின்னவன்தான் எப்போதும் கண்டுபிடிப்பவன். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒளிக்கலாம், காம்பு வெளியே தெரியலாம், அவனுக்கு அதெல்லாம் குறையே இல்லை. கரையை உடைப்பதுதானே இதில் ஆட்டம்? இந்த ஒரு முறை அவன் உடைத்தால் அவள் கைதட்டுவாள். மணலை மட்டும் முதலில் லேசாக நனைத்துவிடுங்கள், கண்ணில் போகாது.