மறதி நோய் முற்றிய அம்மாவுக்கு மூக்குக் குழாய் வேண்டாம் என்றால், பட்டினி போட்டதாகிவிடுமா?

ஆகாது. இதே கேள்வியைச் சுமந்துகொண்டு ஆறு வருடத்துக்கு முன் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து தினமும் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது 83. எங்கள் முகம் மறந்து, கடைசியில் விழுங்கவும் மறந்துவிட்டார். நிமோனியா என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் குழாய் போட்டார்கள். "சாப்பாடு உள்ளே போகவேணும்தானே" என்றார்கள், அவ்வளவுதான் விளக்கம். அம்மா பிடுங்குவார், திரும்பப் போடுவார்கள். ஒரு பின்னேரம் போனபோது இரண்டு கையையும் பண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தது. காப்பு கிடந்த இடத்தில் தோல் சிவந்து கன்றியிருந்தது. எங்கள் ஐந்து பேருக்கும் சோறு குழைத்து உருட்டித் தந்த கை அது. கட்டிய நர்ஸ் மிஸ்ஸில் எனக்குக் கோபமில்லை. இரவில் அத்தனை கட்டிலுக்கும் அவர் ஒருவர்தான்.

கனடாவிலிருந்து அண்ணா, "காசைப் பார்க்காதே, செய்யக்கூடியதெல்லாம் செய்" என்றார். தூரத்தில் இருக்கிறவருக்குக் காசு அனுப்புவதைத் தவிர வேறென்ன வழி? போதும் என்று சொல்ல, அந்தக் கைகளை நேரில் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு வந்த ஒரு டொக்டர்தான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். மறதி நோயின் கடைசிக் கட்டத்தில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. நிமோனியாவையும் அது தடுக்காது; எச்சிலும் வயிற்றிலிருந்து எதுக்களிப்பதும் அப்போதும் நுரையீரலுக்குள் இறங்கும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் வெளியிட்ட நிலைப்பாடும் இதுதான்: குழாயை விட்டு, கவனமாகக் கையால் ஊட்டுங்கள். பக்கவாதம் வந்து சில கிழமையில் விழுங்கத் தேறக்கூடியவரின் கதை வேறு, அங்கே குழாய் உதவும். ஆகவே உங்கள் டொக்டரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "இதை எப்போது கழற்றுவீர்கள்?"

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தலைமாட்டை நிமிர்த்தி வைத்து, தடிப்பாய்க் காய்ச்சிய சவ்வரிசிக் கஞ்சியை அரைக் கரண்டியாக ஊட்டுவேன். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. ஆறு கரண்டிக்கு அரை மணித்தியாலம். வாயைத் திறக்காவிட்டால் விட்டுவிடுவேன், உதட்டை ஈரப் பஞ்சால் துடைப்பேன். மூச்சு முட்டியபோது டொக்டர் சொன்ன அளவில் கொஞ்சம் மோர்ஃபின். ஒன்பது கிழமை இருந்தார். கை கட்டப்படாமல் இருந்தார்.

அவருக்கு நினைவிருந்த காலத்தில் உங்களுக்கு என்ன விருப்பம் என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம். அது இன்றும் உறுத்துகிறது.

அப்பாவிடம் கேட்டேன். இதயம் நின்றால் நெஞ்சை 5 சென்ரிமீற்றராவது உள்ளே போக, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துவார்கள், உங்கள் வயதில் விலா எலும்பு முறியலாம் என்று மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிளினிக் கொப்பியை எடுத்துவரச் சொல்லி, கடைசிப் பக்கத்தில் தன் கையால் நாலு வரி எழுதித் திகதி போட்டார். அது சட்டப் பத்திரம் இல்லைதான். ஆனால் அண்ணாவை வட்ஸ்அப்பில் கூப்பிட்டு, அந்த நாலு வரியையும் அப்பாவே வாசித்துக் காட்டினார்.