கல்லாகக் கிடக்கும் கொன்றை விதை: ஆசிட் வேண்டாம், உப்புத்தாள் போதும்

கேள்வி: வணக்கம் சார். கொளத்தூரில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். தெருவில் விழுந்து கிடந்த சரக்கொன்றைக் காயை உடைத்து விதை எடுத்து, மூன்று நாள் ஊற வைத்து கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவையில் ஊன்றினேன். ஒன்றரை மாதம் ஆகிறது, ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் போட்ட மாதிரியே கல்லாக இருக்கிறது. கூடவே போட்ட சங்குப்பூவிலும் பாதிதான் வந்தது. பாத்ரூம் ஆசிட்டில் முக்கி எடுத்தால் முளைக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். செய்யலாமா? இல்லை, விதையே பழசா?

பதில்: வணக்கம்மா. ஆசிட் பாட்டிலை முதலில் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நாற்றங்கால்களில் அமில நேர்த்தி செய்வது உண்மைதான், ஆனால் அங்கே பயன்படுத்துவது அடர் கந்தக அமிலம். கடையில் பாத்ரூம் ஆசிட் என்று கிடைப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக், இரண்டும் வேறு வேறு. கந்தக அமிலமே கிடைத்தாலும் அதில் தண்ணீர் விழுந்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும், நாலு கொன்றை விதைக்காக வீட்டில் செய்கிற வேலையே இல்லை அது.

தோண்டி எடுத்த விதையையும் தூக்கிப் போடாதீர்கள். அழுகியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கல்லாகவே இருக்கிறது என்றால் இன்னும் உள்ளே சொட்டுத் தண்ணீர்கூடப் போகவில்லை, அவ்வளவுதான். பழசு என்ற பயமும் வேண்டாம், இந்த மாதிரி கெட்டி ஓட்டு விதைகள் வருடக்கணக்கில் தாங்கும். சீனாவில் வறண்டுபோன ஒரு ஏரியின் அடியிலிருந்து எடுத்த, சுமார் 1300 வருடப் பழசான தாமரை விதை முளைத்திருக்கிறது, அந்த ஆய்வு 1995இல் வெளிவந்தது.

கொன்றை, சங்குப்பூ, கருவேலம், மஞ்சாடி எல்லாம் பயறு வகைக் குடும்பம். காய் நன்றாக முற்றிக் காயும்போது விதைத்தோலில் உள்ள செல் அடுக்கு இறுகி, தண்ணீர் புகாதபடி மூடிக்கொள்கிறது. மூன்று நாள் என்ன, முப்பது நாள் ஊற வைத்தாலும் அதில் நிறைய விதை அப்படியேதான் கிடக்கும். காட்டில் வெயிலும் மழையும் மாறி மாறி பட்டு, இல்லாவிட்டால் ஆடு மாடு வயிற்றுக்குள் போய் வந்து அந்தத் தோல் விட்டுக்கொடுக்கும், அதுவும் எல்லா விதைக்கும் ஒரே வருடத்தில் நடக்காது. ஆட்டுப்பட்டியில் ஆடு அசைபோட்டுத் துப்பின கருவேல விதையைக் கூட்டி எடுத்து விதைப்பதெல்லாம் இதனால்தான். சங்குப்பூ பாதி வந்ததற்கும் இதுதான் காரணம், ஒரே செடியில் எடுத்தாலும் எல்லா விதையின் தோலும் ஒரே அளவுக்கு இறுகியிருக்காது.

சரி, செய்ய வேண்டியது. ஹார்டுவேர் கடையில் முரட்டு உப்புத்தாள் ஒன்று வாங்குங்கள், அது இல்லையென்றால் மாடித் தரையின் சிமெண்டே போதும். விதையில் காம்பு ஒட்டியிருந்த சின்னத் தழும்பு ஒரு முனையில் தெரியும், முளைவேர் அந்தப் பக்கமாகத்தான் வரும், அங்கே கை வைக்காதீர்கள். அதற்கு எதிர்ப் பக்கத்தில் தேயுங்கள். பழுப்பு மினுமினுப்பு போய் உள்ளே வெளிர்நிறம் ஒரு புள்ளியாகத் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும், ஆழமாகத் தேய்த்தால் பருப்பு அடிபட்டு மண்ணுக்குள் பூஞ்சை பிடிக்கும். விதை கையில் நழுவினால் குறட்டில் மெதுவாகப் பிடித்துக்கொள்ளலாம். சங்குப்பூவுக்கு நகவெட்டியில் ஓரத்தில் ஒரு சின்னக் கிள்ளு கிள்ளினாலே போதும். தேய்த்த விதையை ராத்திரி சாதாரணத் தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் உப்பிப் பெரிதாகியிருக்கும்.

நிறைய விதை இருந்து தேய்க்கப் பொறுமை இல்லையென்றால் வெந்நீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, கொதி அடங்கி சுமார் 80 டிகிரிக்கு வந்ததும் விதையின் மேல் ஊற்றி அப்படியே ஆற விடுங்கள். அடுப்பில் வைத்து விதையோடு கொதிக்க விட்டால் சுண்டல்தான். என்னைக் கேட்டால் கொன்றைக்கு வெந்நீரை நம்ப மாட்டேன், கொஞ்சம் விதைதான் உப்பிப் பெரிதாகும், மீதி அப்படியே கிடக்கும், உப்புத்தாளுக்கு வேலை அதிகம் ஆனால் பலன் நிச்சயம்.

எந்த முறையாக இருந்தாலும் ஊறின விதையை அப்படியே மொத்தமாக ஊன்றிவிடாதீர்கள், பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். உப்பினதை மட்டும் பொறுக்கி அன்றைக்கே விதையுங்கள். உப்பாததைத் துடைத்து மறுபடி தேய்த்து மறுபடி ஊற வையுங்கள். உப்பின விதையை இரண்டு மூன்று நாள் தண்ணீரிலேயே விட்டால் மூச்சு முட்டி அழுகும்.

செம்மண், மணல், மண்புழு உரம் கலந்த சின்ன நாற்றுப்பையில், விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். கோகோபீட் மட்டும் என்றால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் சொதசொதவென்று நிற்கும், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில் நாற்று கழுத்தழுகிச் சாயும், கலவையில் அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் முளைக்கிற வரைக்குமாவது மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ விடுங்கள். கொன்றை ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் தலை காட்டும். ஆணிவேர் சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் பையில் ரொம்ப நாள் வைக்கக் கூடாது. அப்புறம், கொன்றை பெரிய மரம், குரோ பேக்கில் வைத்துப் பூ பார்க்க முடியாது, எங்கே நடப்போகிறீர்கள் என்று இப்போதே இடம் பார்த்து வையுங்கள்.

இதே ருசியில் குன்றிமணியைத் தேய்க்க உட்காராதீர்கள். அதன் ஓடு உடையாத வரைக்கும்தான் ஆபத்து குறைவு, உள்ளே இருப்பது கொடிய விஷம், தேய்த்த தூளும் ஆகாது, குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். வேப்பங்கொட்டை, நாவல், பலா இவற்றுக்கும் இந்த வைத்தியம் பொருந்தாது, அங்கே காய வைத்து எடுத்து வைப்பதுதான் தப்பு, பழம் தின்ற கையோடு ஊன்ற வேண்டும். தேக்குக்கு வேறு கணக்கு, ஒரு நாள் ஊற வைத்து ஒரு நாள் வெயிலில் காய வைத்து மாற்றி மாற்றிச் செய்வார்கள்.

தேய்ப்பதற்கு முன் ஒவ்வொரு விதையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டூசி போட்டது போல ஓட்டை இருந்தால் வண்டு உள்ளே தின்றுவிட்டுப் போயிருக்கும், அதை ஒதுக்கிவிடுங்கள். தெருவில் கிடந்த காயில் அப்படிப்பட்டது சிலதாவது இருக்கும்.