நெருக்கத்தின் நாட்களில் கர்த்தருக்குள் மகிழ்ச்சி: கேள்வி பதில்

வேலை, உடல்நலம், குடும்பம் என எதுவும் உறுதியாகத் தெரியாத நாட்களில் தேவனுக்குள் சந்தோஷமாயிருப்பது எப்படி என்பதே தலைப்பு. வசனங்களின் எண்களைக் கொடுத்திருக்கிறேன். வேதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கேள்வி: ஐயா, பல மாதங்களாக வேலை இல்லை. "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனத்தைப் படித்தாலே குற்றவுணர்வுதான் வருகிறது. அழுவது அவிசுவாசமா?

இல்லை, சகோதரரே. அந்த வசனத்தை (1 தெசலோனிக்கேயர் 5:16) எழுதிய பவுல் பிலிப்பியருக்கு எழுதியதையும் பாருங்கள். 4:4-இல் சந்தோஷமாயிருங்கள் என்று இரண்டு தரம் சொல்கிறார். அதே நிருபத்தில் 2:27-இல், வியாதிப்பட்டிருந்த தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து இறந்திருந்தால் தனக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" உண்டாயிருக்கும் என்கிறார். 3:18-இல் கண்ணீரோடு எழுதுகிறார். லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்த இயேசுவும் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). துக்கம் போன பிறகுதான் சந்தோஷம் வரவேண்டும் என்ற கணக்கு வேதத்தில் இல்லை. 2 கொரிந்தியர் 6:10-இல் இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருக்கின்றன.

இன்னொன்று: மனரம்மியமாயிருக்க, அதாவது எந்த நிலையிலும் திருப்தியாயிருக்க, "கற்றுக்கொண்டேன்" என்கிறார் பவுல் (பிலிப்பியர் 4:11). கற்றுக்கொள்ள நாளாகும். அதை எழுதியவர் அனுப்பப்பட்ட பண உதவியையும் நன்றியோடு வாங்கிக்கொண்டார் (4:14-18). உங்களுக்கு யாராவது உதவ முன்வந்தால் மறுக்காதீர்கள்.

கேள்வி: ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. "கர்த்தரில் களிகூரு" என்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று யாரும் சொல்வதில்லை. நடைமுறையில் என்ன செய்யவேண்டும்?

நல்ல கேள்வி, சகோதரி. 13ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். ஆறே வசனங்கள். முதல் இரண்டும் முறையீடு, அடுத்த இரண்டும் விண்ணப்பம், கடைசி இரண்டும் நம்பிக்கையும் பாட்டும். இந்த வரிசை முக்கியம்.

ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். இருபது நிமிடம் போதும்.

முதலில் தேவனை நேரடியாக அழைத்து ஒரு வரி எழுதுங்கள். நாம் பெரும்பாலும் தேவனைப் பற்றி மற்றவர்களிடம் முறையிடுகிறோம். தாவீது தேவனிடமே முறையிடுகிறார். முறுமுறுப்புக்கும் புலம்பலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அடுத்து முறையீடு. தாவீது இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் கேட்கிறார். நீங்களும் பெயர் சொல்லி எழுதுங்கள். "கஷ்டமாயிருக்கிறது" என்று எழுதினால் பயனில்லை. "வாடகை கட்ட வழியில்லை", "மகன் என்னோடு பேசுவதில்லை" என்று எழுதுங்கள். இங்கேதான் பலர் பயந்துபோய் மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். சொல்லப்படாமல் உள்ளே நின்றது ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும்.

மூன்றாவதாக ஒரே ஒரு விண்ணப்பம், அதற்கான காரணத்தோடு. "என் கண்களைத் தெளிவாக்கும்" என்று கேட்கிற தாவீது, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தேவனிடம் எடுத்துச் சொல்கிறார் (13:3-4). பத்து விண்ணப்பங்களை அடுக்கினால் மனம் மறுபடியும் கவலைப்படத் தொடங்கிவிடும்.

கடைசியாக நம்பிக்கை. 5ஆம் வசனத்தில் தாவீது பிடித்துக்கொள்வது தேவனுடைய கிருபையை. அவருடைய நிலைமை மாறியதாக அந்தச் சங்கீதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. உங்களுக்கு இந்த இடத்தில் எழுத எதுவும் தோன்றாவிட்டால் 77ஆம் சங்கீதத்தைத் திறவுங்கள். 9ஆம் வசனம்வரை புலம்பலும் கேள்விகளுமாகவே இருக்கும். 10ஆம் வசனத்திற்குப் பிறகு ஆசாப் கர்த்தருடைய பழைய செயல்களை நினைவுகூரத் தொடங்குகிறார். அதுபோல நடந்தது ஒன்றைத் தேதியோடு, ஆள் பெயரோடு எழுதுங்கள். "எல்லாவற்றிற்கும் நன்றி" என்று பொதுவாக எழுதுவது சில நாட்களில் சலித்துவிடும்.

அப்படியும் வரவில்லையா? மூன்றாவது பகுதியோடு நிறுத்திவிட்டு எழுந்துவிடுங்கள். 88ஆம் சங்கீதம் கடைசிவரை விடியாமலே முடிகிறது, அதுவும் ஜெபமாகத்தான் வேதத்தில் இருக்கிறது. வராத சந்தோஷத்தை வந்ததாக நடிக்க வேண்டாம். மறுநாள் மீண்டும் உட்காருங்கள்.

கேள்வி: ஆபகூக் தீர்க்கதரிசி மட்டும் எப்படி ஒரேயடியாகக் களிகூர்ந்தார்?

ஒரேயடியாக இல்லை. 3:17-18 மட்டும் வாசிப்பதால் அப்படித் தெரிகிறது. புத்தகம் 1:2-இல் "எதுவரைக்கும்" என்ற கூக்குரலோடு தொடங்குகிறது. கிடைத்த பதில் இன்னும் மோசமான செய்தி: பாபிலோனின் கல்தேயர் படையெடுத்து வருகிறார்கள். 2:1-இல் காவலில் நின்று காத்திருக்கிறார். 3:16-இல் குடல் குழம்புகிறது, உதடு துடிக்கிறது. அதன் பிறகுதான் அத்திமரம் தொடங்கித் தொழுவத்து மாடுவரை ஆறு இழப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறார். உடல் நடுங்கிக்கொண்டிருந்தபோதே எடுத்த தீர்மானம் அது. மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: பாஸ்டர், இவ்வளவு புலம்பல் எதற்கு? பவுலும் சீலாவும் துதித்தார்கள், சிறைக்கதவு திறந்தது. துதித்தால் கட்டுகள் அறும். இதைச் சொன்னால் போதாதா?

போதாது, இது ஆபத்தானதும்கூட. அப்போஸ்தலர் 16-ஐ முழுவதும் வாசியுங்கள். கதவுகள் திறந்தன, ஆனால் அவர்கள் வெளியே ஓடவில்லை. "நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்" என்று சிறைச்சாலைக்காரனிடம் சொன்னார்கள் (16:28). வெளியே போவதற்காகப் பாடியிருந்தால் முதல் அசைவிலேயே போயிருப்பார்கள். பிலிப்பியருக்கு எழுதியபோதும் பவுல் கட்டுகளில்தான் இருந்தார் (1:13). அந்த நிருபத்தில் சந்தோஷம் நிரம்பி வழிகிறது, கதவு மட்டும் திறக்கவில்லை.

அதே நபர்: அப்படியானால் 2 நாளாகமம் 20? பாடகர்களை முன்னே நிறுத்தினார்கள். பாடத் தொடங்கியபோதே சத்துருக்கள் விழுந்தார்கள். 22ஆம் வசனம் தெளிவாகச் சொல்கிறதே!

22-க்கு முன்னால் இருப்பதையும் வாசியுங்கள், ஐயா. 12ஆம் வசனத்தில் யோசபாத் ராஜா, செய்யவேண்டியது இன்னதென்று தெரியவில்லை என்று சபை முன்பாக ஒத்துக்கொள்கிறார். 14 முதல் 17 வரை, இந்த யுத்தத்தில் நீங்கள் போராடவேண்டியதில்லை என்று யகாசியேல் என்ற லேவியன் மூலமாகக் கர்த்தர் முன்கூட்டியே வாக்குக்கொடுக்கிறார். பாட்டு அந்த வாக்குக்குப் பதிலாக எழுந்தது. வெற்றியை வாங்கக் கொடுத்த விலையாக அதைப் பார்க்கமுடியாது. உங்கள் வியாதிக்கோ கடனுக்கோ அப்படி ஒரு தனி வாக்கு கொடுக்கப்படாதபோது அந்தச் சம்பவத்தைச் சூத்திரமாக்கக்கூடாது.

வேறொருவர்: அப்போது எதையும் எதிர்பார்த்து ஜெபிக்கக்கூடாதா? இது விசுவாசத்தைக் குலைக்கிற போதனையாகத் தெரிகிறது.

தாராளமாகக் கேளுங்கள். பிலிப்பியர் 4:6 விண்ணப்பங்களைத் தெரியப்படுத்தச் சொல்கிறது. ஆனால் 7ஆம் வசனம் வாக்குப்பண்ணுவது இருதயத்தைக் காக்கிற சமாதானத்தை. பவுல் தன்னை வருத்திய, மாம்சத்தில் ஒரு முள் என்று அவர் சொல்கிற வேதனை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை, கிருபை கிடைத்தது (2 கொரிந்தியர் 12:8-9). கெத்செமனேயில் நம் ஆண்டவரும் மூன்றுதரம் கேட்டார். அப்போஸ்தலர் 12-இல் பேதுரு விடுவிக்கப்பட்டார், யாக்கோபு பட்டயத்தால் கொலையுண்டார். யாக்கோபு குறைவாகத் துதித்தார் என்று யார் சொல்வீர்கள்?

நான் இதில் விடாப்பிடியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. துதியைப் பேரமாக்கினால், பலன் வராதபோது படுக்கையில் கிடக்கிறவர் தன்னையே குற்றம்சாட்டத் தொடங்குவார்: நான் சரியாகத் துதிக்கவில்லை, என் விசுவாசம் போதவில்லை என்று. வியாதியோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும். தானியேல் 3:18-ஐ மனப்பாடம் செய்யுங்கள். சூளைக்கு முன்னால் நின்ற மூவரும் அவர் விடுவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, விடுவிக்காமற்போனாலும் விக்கிரகத்தை வணங்கமாட்டோம் என்றார்கள். இரண்டு வரியும் சேர்ந்ததுதான் விசுவாசம்.

கேள்வி: எத்தனை நாள் தொடர்ந்து துதித்தால் பிரச்சினை தீரும்?

மேலே உள்ள மூன்று பதில்களையும் வாசியுங்கள்.

கேள்வி: உபவாசத்தோடு துதித்தால் சீக்கிரம் பதில் வருமா?

இதற்கும் பதில் அங்கேயே இருக்கிறது. பேரம் வேண்டாம்.

கேள்வி: எனக்கு எதிலும் ஆசையில்லை. பாட்டும் பிடிக்கவில்லை, வேதமும் ஓடவில்லை. செத்துவிட்டால் நலம் என்றுகூடத் தோன்றுகிறது. தேவன் என்னைக் கைவிட்டுவிட்டாரா?

இல்லை. இன்றைக்கே, இதை வாசித்தவுடனே, உங்கள் பக்கத்தில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் இதே வார்த்தைகளைச் சொல்லுங்கள். இன்று தனியாக இருக்காதீர்கள். மருத்துவரையும் தாமதிக்காமல் பாருங்கள்.

எலியாவும் சூரைச்செடியின் கீழே இதையேதான் சொன்னார் (1 இராஜாக்கள் 19:4). தேவன் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் உணவு கொடுத்தார். பேச்சு அதற்குப் பிறகுதான். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், அது சிகிச்சை தேவைப்படும் நோயாக இருக்கலாம். மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த நாட்களில் பெரிய ஜெபம் வேண்டாம். 88ஆம் சங்கீதத்தின் முதல் வரி மட்டும் போதும்.

கேள்வி: பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறேன். நல்லதா கெட்டதா தெரியாமல் இருப்பதுதான் தாங்கமுடியவில்லை.

தாளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் இன்றைக்கு உங்கள் கையில் இருப்பவை: மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள், கூட வரப்போகிறவர் யார், வீட்டு வேலை. மறுபக்கம் உங்கள் கையில் இல்லாதவை. முதல் பக்கத்தைச் செய்துமுடியுங்கள். மறுபக்கத்தில் உள்ள ஒவ்வொன்றையும் ஒரு வாக்கிய ஜெபமாக்குங்கள். கவலை திரும்பவரும்போது அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு முறையும் நீண்ட ஜெபமாகத் தொடங்கினால் அது கவலையையே சுற்றிச்சுற்றி வரும். வனாந்தரத்தில் தேவன் கொடுத்த மன்னா என்ற உணவும் தலைக்கு ஒரு ஓமர் அளவுதான், அன்றன்றைக்கு; சொல்லைமீறி மறுநாளுக்கு வைத்தது புழுத்துப்போயிற்று (யாத்திராகமம் 16:16-20). முடிவு வரும்வரை பெரிய தீர்மானம் எதுவும் எடுக்காதீர்கள். மனம் இருண்ட நேரத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா 16ஆம் நூற்றாண்டிலேயே கொடுத்த ஆலோசனை.

கேள்வி: எரேமியா 29:11-ஐ எனக்கான வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்ளலாமா?

10ஆம் வசனத்தோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்: எழுபது வருஷம். அந்தக் கடிதம் போனது பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று 5 முதல் 7 வரை சொல்லிவிட்டுத்தான் 11 வருகிறது. வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுக்கவேண்டாம்.

கேள்வி: இப்போது நடப்பதெல்லாம் கடைசிக்கால அடையாளங்களா?

இன்றைய தலைப்பு அதுவல்ல. உங்கள் சபைப் போதகரிடம் கேளுங்கள்.

கேள்வி: தோழி தன் கணவரை இழந்துவிட்டாள். "கர்த்தருக்குள் சந்தோஷமாயிரு" என்று சொல்லலாமா?

இப்போது சொல்லாதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழுநாள் இரவும் பகலும் பேசாமல் கூட உட்கார்ந்திருந்ததுதான் (யோபு 2:13) அவர்கள் செய்த நல்ல காரியம். பேசத் தொடங்கிய பிறகு அவர்கள்மேல் தேவனுக்குக் கோபம் மூண்டது (42:7). ரோமர் 12:15 அழுகிறவர்களுடனே அழச் சொல்கிறது. சமைத்துக் கொண்டுபோங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடவேண்டிய காகிதங்களுக்குத் துணைபோங்கள். அவள் கணவரைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாமல் அவர் பெயரைச் சொல்லியே பேசுங்கள். முதல் மாதத்துக்குப் பிறகு எல்லாரும் வருவதை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் அப்போதும் போங்கள். அவளாகக் கேட்டால் 13ஆம் சங்கீதத்தை வாசித்துக் கொடுங்கள், நான்காம் வசனத்தோடு நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.