பிரசவத்துக்குப் போகிறேன் என்றே எழுதுங்கள்

கேள்வி: மகளும் மருமகனும் பிரிட்டனில் வேலை பார்க்கிறார்கள். மகளுக்கு இது தலைப்பிரசவம். கூட இருக்கலாம் என்று விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்தேன். பிரசவம் என்று எழுதினால் கிடைக்காது என்று ஏஜென்ட் சொன்னதால் 'சுற்றுலா, 6 மாதம்' என்று எழுதி, ஹோட்டல் புக்கிங்கும் வைத்தோம். பயணத்தின் நோக்கம் நம்பும்படி இல்லை என்று நிராகரித்துவிட்டார்கள். மறுபடி முயன்றால் கிடைக்குமா?

பதில்: தாராளமாக முயலுங்கள். இந்த விசாவுக்குப் பொதுவாக மேல்முறையீடு கிடையாது, புதிதாக விண்ணப்பிப்பதுதான் வழி. ஆனால் அதே பேப்பர்களோடு போகாதீர்கள்.

அந்த ஏஜென்ட் சொன்னதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. குடும்பத்தாரைப் பார்க்கப் போவது அந்த விசாவில் அனுமதி உள்ள காரணம். கையில் இப்படி ஒரு நிஜமான காரணத்தை வைத்துக்கொண்டு, மகள் வீடு இருக்கும் நாட்டில் ஹோட்டலில் தங்கி 6 மாதம் ஊர் சுற்றப் போகிறேன் என்று எழுதினால் அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? பெரும்பாலும் நேர்காணலே இல்லை, பேப்பரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஹோட்டல் புக்கிங், விமான புக்கிங், பயணக் காப்பீடு இதெல்லாம் நோக்கத்துக்கு ஆதாரமாக வேண்டாம் என்று அந்த அரசின் வழிகாட்டியே சொல்கிறது.

சரி, என்ன வைக்கலாம்? பிரசவத் தேதி போட்டு அங்குள்ள மருத்துவரோ மிட்வைஃபோ தரும் 'மேட் பி1' சான்றிதழ், அம்மா பெயராக உங்கள் பெயர் உள்ள மகளின் பிறப்புச் சான்றிதழ், அவருடைய விசா நிலைக்கான ஆதாரம், உங்களைத் தன் வீட்டில் தங்கவைப்பதாக அவர் எழுதும் கடிதம். செலவை யார் பார்க்கிறார்களோ அவர்களுடைய பேங்க் ஸ்டேட்மென்ட். அதில் திடீரென்று பெரிய தொகை ஏறியிருந்தால் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

6 மாதம் என்பது அதிகபட்சம், அவ்வளவும் கேட்க வேண்டியதில்லை. பிரசவத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் போய், குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனதும் திரும்புகிறேன் என்றால் அந்தக் கணக்கு யாருக்கும் புரியும். ஏன் அந்தத் தேதியில் திரும்பியே ஆக வேண்டும் என்பதையும் காட்டுங்கள்: வேலையில் இருந்தால் லீவு அனுமதிக் கடிதம், வீட்டில் உங்களை நம்பி யாராவது இருந்தால் அந்த விவரம். சில வாரம் பேரக்குழந்தையைக் கவனித்துக்கொள்வது தப்பில்லை, ஆனால் மகள் வேலைக்குப் போக வசதியாக மாதக்கணக்கில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவதுபோல் கடிதம் தொனிக்கக் கூடாது.

இன்னொன்று, இதில் கவனமாக இருங்கள். முன்பு நிராகரித்தார்களா என்று படிவத்தில் கேட்பார்கள். ஆமாம் என்றே போட்டு, போனமுறை உண்மைக் காரணத்தை எழுதாமல் விட்டதையும் கடிதத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். ஏமாற்றியதாக முடிவு செய்தால் 10 வருடம் வரை தடை விழலாம். நிராகரிப்புக் கடிதத்தில் அந்த மாதிரி வார்த்தை ஏதாவது இருந்தால், ஏஜென்டிடம் போகாமல் பிரிட்டன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் முதலில் காட்டுங்கள்.

பயணத்துக்கு 3 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முடிவு வர வழக்கமாக 3 வாரம் ஆகும். அனுப்புவதற்கு முன்னால் உங்கள் கடிதத்தையும் மகளின் கடிதத்தையும் போனில் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டி, தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.