திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் ஏன் மேட்டுக் காட்டுக்குள் இருக்கின்றன?

குதம் என்றால் பொருளைச் சேர்த்து வைக்கும் இடம். திருகோணமலையின் சீனக்குடாப் பகுதியில் இருப்பவை எண்ணெய் நிரப்பும் பெரிய உருளை வடிவத் தாங்கிகள். மொத்தம் 99, ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். பிரித்தானியர் தங்கள் கடற்படைக் கப்பல்களுக்காகக் கட்டியவை.

சரி, மேடு எதற்கு? வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை உயரத்தில் வைக்கிறோமே, அதே வசதிதான். மேலே இருக்கும் எண்ணெய் தன் பாரத்திலேயே குழாய் வழியே துறைமுகப் பக்கம் இறங்கும், பம்புக்கு வேலை குறைவு. அப்புறம், மேலே பறக்கும் எதிரி விமானத்தின் கண்ணுக்கு மரங்கள் மறைப்பு. (இன்று பல தாங்கிகளைக் காடே விழுங்கிவிட்டது, அது வேறு கதை.)

ஜப்பானியர் குண்டு போட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். அப்படியில்லை: 1942 ஏப்ரல் 9 தாக்குதலில் விமானம் ஒன்று மோதி எரிந்தது ஒரேயொரு தாங்கிதான்.