டென்மார்க் அரசியலைப் புரிந்துகொள்ள ஃபேஸ்புக் விவாதங்களைப் பின்தொடர்ந்தால் போதுமா?

போதாது. ஆனால் அதை ஒதுக்கிவிட்டும் இந்த நாட்டு அரசியலைப் பின்தொடர முடியாது. எக்ஸ் தளத்தில் பெரும்பாலும் அரசியல்வாதிகளும் பத்திரிகையாளர்களும்தான் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். சாதாரண மக்கள் கோபப்படுவதும் பாராட்டுவதும் ஃபேஸ்புக்கில். அமைச்சர்கள் தங்கள் பக்கத்தில் நேராக மக்களோடு பேசுவார்கள். கீழே ஆயிரக்கணக்கில் பதில்கள் வரும். டிஆர், டிவி 2 என்ற தொலைக்காட்சிகளின் செய்திகள்கூடப் பல நாள் அந்தப் பதிவுகளிலிருந்துதான் தொடங்குகின்றன.

நான் டென்மார்க்கில் வாழும் ஈழத்தமிழன். அதனால் எனக்கு நெருக்கமான ஒரு விஷயத்தை வைத்தே சொல்கிறேன்.

2017 மார்ச்சில், அப்போது குடியேற்றத்துறை அமைச்சராக இருந்த இங்கர் ஸ்டோய்பெர்க் ஃபேஸ்புக்கில் ஒரு படம் போட்டார். கையில் ஒரு கேக், அதன் மேல் 50 என்ற எண், முகம் நிறையச் சிரிப்பு. வெளிநாட்டவருக்கான விதிகளைத் தான் கடுமையாக்கியது அன்றோடு ஐம்பது முறை ஆகிவிட்டது, இதைக் கொண்டாட வேண்டும் என்று எழுதியிருந்தார். ஒரு பக்கம் வாழ்த்து மழை, இன்னொரு பக்கம் கொதிப்பு. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. அகதியாக வந்த குடும்பங்களுக்கு அது வெறும் அரசியல் செய்தி அல்ல. நம் வாழ்க்கையை இறுக்கிய விதிகளை எண்ணி எண்ணி ஒருவர் கேக் வெட்டுகிறார் என்பது வலிக்கத்தான் செய்யும். அந்த வலியை இன்றும் மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் அவரைப் பதவியிழக்க வைத்தது கேக் அல்ல. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2016 பிப்ரவரி 10 அன்று, அவருடைய அமைச்சு ஒரு பத்திரிகைச் செய்தி வெளியிட்டது. தஞ்சம் கேட்டு வரும் தம்பதிகளில் ஒருவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் இருவரையும் ஒரே முகாமில் தங்க வைக்கக் கூடாது என்றது அது. விதிவிலக்கு பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிறுவர் திருமணத்தை யார்தான் ஆதரிப்பார்கள்? கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆனால் சட்டப்படி ஒவ்வொரு தம்பதியின் நிலையையும் தனித்தனியாக விசாரித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். விசாரிக்காமலே 23 தம்பதிகள் பிரிக்கப்பட்டார்கள். முறைப்பாடு நாடாளுமன்றத்தின் ஒம்புட்ஸ்மனிடம், அதாவது அரசு நிர்வாகத்தின் தவறுகளை ஆராயும் அதிகாரியிடம் போனது. அது சட்டவிரோதம் என்று அவர் கண்டார். அப்புறம் விசாரணை ஆணைக்குழு, அதற்குப் பிறகு அமைச்சர்களை விசாரிக்கும் ரீக்ஸ்ரெட் என்ற விசேட நீதிமன்றம். 2021 டிசம்பரில் ஸ்டோய்பெர்க்குக்கு 60 நாள் சிறை. 26 நீதிபதிகளில் 25 பேர் அவரைக் குற்றவாளி என்றார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் பதவியும் போனது.

நமக்கு இதில் ஒரு தனித் தொடர்பு உண்டு. ரீக்ஸ்ரெட் அதற்கு முன் கடைசியாகக் கூடியது தமிழர்கள் விஷயத்தில். நீதியமைச்சராக இருந்த எரிக் நின்-ஹேன்சன், இங்கு அகதிகளாக வந்த இலங்கைத் தமிழர்களின் மனைவி, பிள்ளைகளை அழைக்கும் விண்ணப்பங்களை 1987இல் கிடப்பில் போடச் சொன்னார். குடும்பத்தோடு சேர்வது அன்றைய சட்டம் கொடுத்த உரிமை. போர் நடக்கும் ஊரில் குடும்பம், இங்கே பதிலே வராத விண்ணப்பம். ஃபேஸ்புக் என்ற பேச்சே இல்லாத காலம். அங்கேயும் ஒம்புட்ஸ்மன்தான் கோப்புகளைத் தோண்டினார். எதையும் மறைக்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்ன பிரதமர் பௌல் ஷ்லூட்டர், பத்து வருட ஆட்சிக்குப் பின் 1993 ஜனவரியில் பதவி விலகினார். 1995இல் நின்-ஹேன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. டெனிஷ்காரர்கள் இதை இன்றும் 'தமிழர் வழக்கு' என்றே சொல்கிறார்கள். இங்கே பிறந்த நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது, அது எனக்குப் பெரிய மனக்குறை.

இரண்டு வழக்கிலும் கேள்வி ஒன்றுதான்: அமைச்சர் சொன்னதற்கும் சட்டத்தில் இருந்ததற்கும் நடுவே என்ன இடைவெளி? அந்த இடைவெளி ஃபேஸ்புக் கருத்துப் பகுதியில் அகப்படாது. அங்கே அகப்படுவது மக்களின் மனநிலை. அதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தீர்ப்புக்குப் பின் ஸ்டோய்பெர்க்கின் ஆதரவாளர்கள் அவரை விட்டுப் போகவில்லை. அவர் தொடங்கிய டென்மார்க் ஜனநாயகவாதிகள் கட்சி 2022 தேர்தலில் 14 இடங்கள் பிடித்தது. பதிவுகளுக்குக் கீழே எழுதியவர்களைப் படித்திருந்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்காது.

எதிர்த்திசையிலும் பாருங்கள். பாதுகாப்புச் செலவுக்காக 'ஸ்டோர பேதெதாய்' (பெரிய பிரார்த்தனை நாள்) என்ற பொது விடுமுறையை அரசு நீக்க முயன்றபோது ஃபேஸ்புக் முழுக்க எதிர்ப்பு. தொழிற்சங்கங்கள் திரட்டிய கையெழுத்து நான்கு லட்சத்தைத் தாண்டியது. இருந்தும் 2023 பிப்ரவரி 28 அன்று 95க்கு 68 என்ற வாக்கில் சட்டம் நிறைவேறியது. அரசுக் கூட்டணிக்குப் பெரும்பான்மை இருந்தது, அவ்வளவுதான்.

கோபத்தை நாடாளுமன்றத்துக்குள் கொண்டுபோக ஒரு முறையான வழி உண்டு: போர்கர்ஃபோர்ஸ்லாய் எனப்படும் குடிமக்கள் முன்மொழிவு. 180 நாளில் 50,000 பேர் ஆதரித்தால் அதை ஒரு தீர்மானமாக நாடாளுமன்றத்தில் முன்வைக்கலாம். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை உள்ளவர்கள் மட்டுமே ஆதரவு தெரிவிக்க முடியும். குடியுரிமை இல்லாதவர் இருபது வருடம் வரி கட்டியிருந்தாலும் முடியாது. வெளிநாட்டவர் பற்றிய விவாதத்தில் வெளிநாட்டவரின் குரல் குறைவாகக் கேட்க இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஃபேஸ்புக்கில் உங்களுக்குப் பிடிக்காத இரண்டு கட்சித் தலைவர்களையாவது பின்தொடருங்கள். ஒரு அறிவிப்பு பரபரப்பாக ஓடினால், நாடாளுமன்ற இணையதளத்தில் அந்த மசோதா வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தால் அதோடு இருக்கும் கருத்துக் கேட்பு ஆவணங்களைப் படியுங்கள். சட்ட வல்லுநர்களும் மனித உரிமை நிறுவனமும் ஆட்சேபம் இருந்தால் அங்கேதான் எழுதியிருப்பார்கள். மொழி கொஞ்சம் கடினம்தான், மொழிபெயர்ப்புக் கருவி போட்டாவது படியுங்கள்.